'பொய்யன் யாக்கோப்': கெட்டோவில் இல்லாத ஒரு வானொலியின் கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரெக் பெக்கரின் 'பொய்யன் யாக்கோப்' நாவலைப் படித்தவர்களும் படிக்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. முடிவு உட்பட முழுக் கதையும் இங்கே பேசப்படுகிறது. கதை தெரியாமல் படிக்க விரும்புவோர் முதல் பதிலோடு நிறுத்திக்கொண்டு, நாவலை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

இது எந்த நாவல்? எப்போது வெளிவந்தது?

ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டு, 1969-இல் கிழக்கு ஜெர்மனியில் வெளிவந்த நாவல். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் போலந்தில் யூதர்களை அடைத்துவைத்த ஒரு கெட்டோவில் கதை நடக்கிறது. கெட்டோ என்பது ஊரின் ஒரு பகுதியை வேலியிட்டு, அதற்குள் யூதர்களை மட்டும் குடியேற்றிக் காவல் போட்ட இடம். வெளியே போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: ஆட்களை ஏற்றிக்கொண்டு கொலை முகாமுக்குப் போகும் சரக்கு ரயில்.

யூதப் படுகொலை பற்றிய நாவல்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன். முகாமின் வாசல் வரைகூட அது நம்மை அழைத்துப் போவதில்லை. பசித்த மனிதர்கள் அடுத்த நாளை நம்புவதற்கு என்னவெல்லாம் தேவைப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. அதை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்ன வேறொரு நாவலை நான் படித்ததில்லை.

கதை என்ன?

யாக்கோப் ஹைம் போருக்கு முன் ஒரு சிறிய கடை வைத்திருந்தவர். கோடையில் ஐஸ்கிரீம், குளிரில் உருளைக்கிழங்கு அடை. ஒரு மாலை கெட்டோத் தெருவில் நடந்து போகும்போது காவல் கோபுரத்தின் விளக்கு வெளிச்சம் அவர் மேல் விழுகிறது. எட்டு மணிக்கு மேல் வெளியே வந்த குற்றத்துக்குக் காவல் நிலையத்துக்குப் போய், உரிய தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொள் என்கிறான் காவலாளி. அந்தக் கட்டடத்துக்குள் போன யூதர் எவரும் உயிரோடு வெளியே வந்ததில்லை. யாக்கோப்பிடம் கைக்கடிகாரமும் கிடையாது. யூதர்கள் வைத்திருக்கக் கூடாத பொருள்களில் அதுவும் ஒன்று.

உள்ளே நடைபாதையில் நிற்கும்போது, ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து வானொலிச் செய்தி காதில் விழுகிறது. பெசானிகா என்ற ஊருக்கு இருபது கிலோமீட்டர் முன்பாக ரஷ்யர்களின் தாக்குதலைத் தங்கள் படை வீரத்தோடு தடுத்து நிறுத்திவிட்டதாக ஜெர்மன் அறிவிப்பாளர் சொல்கிறார். யாக்கோப்புக்குக் கேட்பதோ வேறு: ரஷ்யர்கள் பெசானிகா வரை வந்துவிட்டார்கள். அதன்பின் அறைக்குள் போய்ப் பார்த்தால் மணி எட்டே ஆகவில்லை. காவலாளி விளையாடியிருக்கிறான். பொறுப்பிலிருந்தவர், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிடுகிறார்.

மறுநாள் சரக்கு ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை. மிஷா என்ற இளைஞன், முன்னாள் குத்துச்சண்டை வீரன், உருளைக்கிழங்கு இருக்கும் பெட்டியை நோக்கி ஓடத் தயாராகிறான். திருடினால் சுடுவார்கள். அவனைத் தடுக்க யாக்கோப் பெசானிகா செய்தியைச் சொல்கிறார். பையன் நம்பவில்லை. காவல் நிலையத்தில் கேட்டேன் என்று சொன்னால் இன்னும் நம்பமாட்டான். உயிரோடு திரும்பியவன் உளவாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைப்பான். வேறு வழியில்லாமல், என்னிடம் ஒரு வானொலி இருக்கிறது என்கிறார். மிஷா உருளைக்கிழங்கை மறந்துவிடுகிறான், உயிர் பிழைக்கிறான். அன்று மாலைக்குள் செய்தி பரவிவிடுகிறது.

அதன்பின் தினமும் காலையில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இன்றைக்கு என்ன செய்தி, யாக்கோப்?

ஒரு பொய் சொன்னார், சரி. ஏன் தொடர்ந்து சொன்னார்?

நிறுத்த முடியவில்லை என்பதால். எத்தனை முறை நிறுத்தப் பார்த்தார் என்பதைப் பெக்கர் அன்போடு விவரிக்கிறார். யாக்கோப்பின் தெருவில் மின்சாரம் போகிறது; சில நாள்கள் அவருக்கு விடுமுறை கிடைத்தது போல. மின்சாரம் திரும்பியதும் வானொலி பழுதாகிவிட்டது என்கிறார். உடனே பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்துவிடுகிறார்கள். உண்மைச் செய்தி கிடைக்காதா என்று, ஜெர்மன் காவலர்கள் மட்டும் பயன்படுத்தும் கழிப்பறைக்குள் நுழைந்து, துடைக்க வைத்திருக்கும் செய்தித்தாள் துண்டுகளைத் திருடுகிறார். அவர் உள்ளே இருக்கும்போது ஒரு காவலன் வருகிறான். அவனைத் திசைதிருப்ப, நண்பர் கோவால்ஸ்கி வேண்டுமென்றே பெட்டிகளைச் சரித்துத் தள்ளி அடிவாங்குகிறார். அந்தத் துண்டுகளிலோ உபயோகமான வரி ஒன்றும் இல்லை.

செய்தி தயாரிப்பது கடினமான வேலை என்பதை யாக்கோப் கண்டுகொள்கிறார். ரஷ்யர்களை வேகமாக நகர்த்தினால் சீக்கிரம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். மெதுவாக நகர்த்தினால் கேட்பவர்களின் முகம் வாடுகிறது. சிறிதளவு செய்தியிலிருந்து பெருமளவு நம்பிக்கை தயாரிக்க வேண்டியிருக்கிறது. கெட்டோவில் தற்கொலைகள் நின்றுபோயின என்று கதைசொல்லி குறிப்பிடுகிறார். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த முகத்தோடு நிறுத்துவது?

லீனா யார்?

பெற்றோரை நாஜிகள் கொண்டுபோய்விட்ட எட்டு வயதுச் சிறுமி. யாக்கோப் அவளைத் தன் கட்டடத்தின் பரணில் ஒளித்து வளர்க்கிறார். அவளுக்கு வானொலி என்றால் என்னவென்றே தெரியாது. யாக்கோப் இல்லாத நேரத்தில் அறையைத் தேடிப் பார்த்து, ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கண்டெடுத்து, இதுதான் அது என்று முடிவு செய்கிறாள்.

அவள் விடாமல் நச்சரிக்க, யாக்கோப் அவளை நிலவறைக்கு அழைத்துப் போய், தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, அந்தப் பக்கமிருந்து தானே வானொலியாகிறார். சர்ச்சிலைப் பேட்டி எடுக்கிறார், சர்ச்சிலாகப் பதில் சொல்கிறார், பேண்டு வாத்தியம் வாசிக்கிறார். கடைசியாக ஒரு கதை. நோயுற்ற இளவரசி, மேகம் ஒன்று வேண்டும், கிடைத்தால்தான் பிழைப்பேன் என்கிறாள். அறிஞர்கள் கைவிரிக்கிறார்கள். தோட்டக்காரப் பையன் மட்டும், மேகம் எதனால் ஆனது என்று அவளிடமே கேட்கிறான். பஞ்சால் ஆனது என்கிறாள் அவள். பஞ்சைக் கொண்டுவந்து கொடுக்கிறான். இளவரசி எழுந்து உட்காருகிறாள்.

நாவலின் உயரம் இந்த நிலவறைக் காட்சிதான். மற்றவர்களுக்குச் சொல்லும் பொய்யில் யாக்கோப்புக்குப் பயமும் குற்ற உணர்வும் இருக்கின்றன. இங்கே மட்டும், அரை மணி நேரத்துக்கு, அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார். கதையில் நோயாளி கேட்டதைத்தான் பையன் கொடுத்தான், அவளும் குணமானாள் என்பதையும் கவனியுங்கள். யாக்கோப் தன் செயலுக்கான நியாயத்தை ஒரு குழந்தைக்குச் சொல்லும் கதைக்குள் வைத்துவிடுகிறார். வேறு யாரிடமும் அதை அவரால் சொல்ல முடியாது.

நாவலில் வருவது உண்மையான கெட்டோவா?

நாவலில் ஊரின் பெயர் இல்லை. ஆனால் பெக்கர் பிறந்ததும், சிறு குழந்தையாக அடைபட்டிருந்ததும் போலந்தின் லோட்ஸ் நகரில். நாவலைப் படிக்கும்போது அந்த கெட்டோவைத்தான் பின்னணியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனி போலந்தைப் பிடித்த பிறகு லோட்ஸ் நகரைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொண்டு, லிட்ஸ்மன்ஸ்டாட் என்று பெயரையும் மாற்றியது. நகரின் ஏழ்மையான பகுதியான பாவூட்டியில் 1940 பிப்ரவரியில் கெட்டோ அறிவிக்கப்பட்டது; ஏப்ரல் 30 அன்று முழுமையாக மூடப்பட்டது. ஏறத்தாழ நான்கு சதுர கிலோமீட்டர் இடத்தில் 1,60,000-க்கும் மேற்பட்ட மக்கள். பின்னர் பெர்லின், வியன்னா, பிராக் போன்ற நகரங்களிலிருந்து 20,000 யூதர்களும், ஆஸ்திரியாவிலிருந்து சுமார் 5,000 ரோமா (ஜிப்ஸி) மக்களும் அங்கே கொண்டுவந்து திணிக்கப்பட்டார்கள். நாவலில் வரும் ஷ்மிட் என்ற வழக்கறிஞர், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர், தன்னை யூதர் என்று எண்ணிப் பார்த்ததே இல்லாதவர், இப்படிக் கொண்டுவரப்பட்ட மேற்கத்திய யூதர்களைக் கண்முன் நிறுத்துகிறார்.

அங்கே மக்கள் எப்படி உயிர் வாழ்ந்தார்கள்?

வேலை செய்து. யூத நிர்வாகத்தின் தலைவராக ஜெர்மானியர்கள் நியமித்த ஹயிம் ரும்கோவ்ஸ்கி, கெட்டோவை ஜெர்மனிக்குத் தேவைப்படும் தொழிற்சாலையாக மாற்றிவிட்டால் கொல்லமாட்டார்கள் என்று கணக்குப் போட்டார். தையல், தோல், மரவேலை என்று நூறு பட்டறைகள் அளவுக்கு இயங்கின. ஜெர்மன் ராணுவத்தின் சீருடைகளை யூதர்கள் தைத்தார்கள். கூலியாகக் கிடைத்தது கெட்டோவுக்குள் மட்டும் செல்லும் தனிப் பணம். அதற்கு வெளியே ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. ஆகவே கள்ளத்தனமாக உணவு கொண்டுவருவதும் கிட்டத்தட்ட நடக்காத காரியம். சுமார் 45,000 பேர் பசியாலும் நோயாலும் கெட்டோவுக்குள்ளேயே இறந்தார்கள். மரக்கதவு, வேலி, கொட்டகை எல்லாம் விறகாக எரிந்தன.

வேலை செய்யாதவர்களை முதலில் அனுப்பினார்கள். 1942 ஜனவரியிலிருந்து ஹெல்ம்னோ கொலை முகாமுக்கு ரயில்கள் போகத் தொடங்கின. மே மாதத்துக்குள் சுமார் 55,000 பேர். அந்த செப்டம்பரில் குழந்தைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் ஒப்படைக்கச் சொல்லி ஜெர்மானியர்கள் கட்டளையிட்டார்கள். ரும்கோவ்ஸ்கி செப்டம்பர் 4 அன்று மேடையேறி, பெற்றவர்களிடமே பிள்ளைகளைக் கேட்டார். பத்து வயதுக்குக் குறைந்தவர்கள், அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், நோயாளிகள் என்று ஒரு வாரத்துக்குள் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். லீனா ஏன் பரணில் இருக்கிறாள் என்பது இந்த ஒரு வாரத்தைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்.

ரும்கோவ்ஸ்கியின் கணக்கு பற்றி இன்றும் வரலாற்றாசிரியர்கள் மோதிக்கொள்கிறார்கள். போலந்தின் மற்றப் பெரிய கெட்டோக்கள் 1943-க்குள் அழிந்துவிட, லோட்ஸ் மட்டும் 1944 ஆகஸ்ட் வரை நின்றது உண்மை. அதற்காகக் குழந்தைகளைக் கொடுத்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நாவல் அவரைப் பற்றிப் பேசவே இல்லை. பெக்கருக்கு அதிகாரத்தில் இருந்தவர்களைவிட மூட்டை தூக்கியவர்கள் மேல்தான் அக்கறை.

உண்மையிலேயே யாராவது வானொலி வைத்திருந்தார்களா?

வைத்திருந்தார்கள். யூதர்கள் வானொலி வைத்திருந்தால் மரண தண்டனை. இருந்தும் லோட்ஸ் கெட்டோவில் சிலர் ரகசியமாகக் கருவிகளை மறைத்துவைத்து, வெளிநாட்டு ஒலிபரப்புகளைக் கேட்டு, செய்தியை வாய்வழியாகப் பரப்பினார்கள். 1944 ஜூன் தொடக்கத்தில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய செய்தி கெட்டோவில் பரவி, மக்களின் மகிழ்ச்சி வெளியே தெரிந்துவிட்டது. ரகசியக் காவல் துறை வானொலி கேட்டவர்களைத் தேடிப் பிடித்தது. அவர்களில் ஒருவரான ஹயிம் நாத்தான் விடாவ்ஸ்கி, சித்திரவதையில் மற்றவர்களின் பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று நஞ்சருந்தி இறந்தார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நாவலைப் படித்தால், யாக்கோப்பின் இல்லாத வானொலி எவ்வளவு ஆபத்தானது என்பது உறைக்கும். கருவி இல்லை என்பது அவருக்குத் தெரியும், ஜெர்மானியர்களுக்குத் தெரியாதே. இருக்கிறது என்ற பேச்சே உயிரைக் குடிக்கப் போதும்.

நாவலுக்குள்ளும் ஓர் உண்மையான வானொலி இருக்கிறது. மிஷாவின் காதலி ரோசாவின் தந்தை ஃபிராங்க்ஃபுர்ட்டர், முன்னாள் நாடக நடிகர், அதை நிலவறையில் ஒளித்துவைத்திருக்கிறார். பயத்தால் ஒருநாளும் கேட்டதில்லை. யாக்கோப்பிடம் வானொலி இருக்கிறது, சோதனை வரக்கூடும் என்று தெரிந்ததும், தன் கருவியை நொறுக்கிவிடுகிறார். இல்லாத வானொலியைப் பற்றிய பேச்சால் இருந்த வானொலி அழிகிறது. பெக்கர் இதைச் சில பக்கங்களில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

யூரெக் பெக்கர் யார்?

1937-இல் லோட்ஸில் பிறந்தவர் என்று ஆவணங்கள் சொல்கின்றன. அவருக்கே தன் உண்மையான பிறந்த நாள் தெரியாது. சின்னக் குழந்தை என்று அனுப்பிவிடாமல் இருக்க கெட்டோவில் தந்தை அவர் வயதைக் கூட்டிச் சொன்னார், பிறகு சரியான தேதி மறந்துபோனது. கெட்டோவிலிருந்து தாயும் மகனும் ராவென்ஸ்புரூக் முகாமுக்கும், பிறகு சாக்சன்ஹவுசனைச் சேர்ந்த முகாமுக்கும் போனார்கள். தாய் 1945-இல் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்தார். ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் பிழைத்த தந்தை, அமெரிக்க உதவி அமைப்பு ஒன்றின் வழியாக மகனைத் தேடிக் கண்டுபிடித்து, கிழக்கு பெர்லினில் குடியேறினார். எட்டு வயதில்தான் பெக்கர் ஜெர்மன் மொழி கற்கத் தொடங்கினார். அந்த மொழியில்தான் இந்த நாவல் எழுதப்பட்டது.

கெட்டோ பற்றி அவருக்கு நினைவே இல்லை. அதைப் பற்றி அவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். தன் குழந்தைப் பருவத்தைக் கற்பனையால் மீட்டெடுக்க வேண்டியிருந்த ஒருவர் எழுதியது என்பதை நினைவில் வைத்தால், பொய் சொல்லி வாழவைக்கும் யாக்கோப் மேல் அவருக்கு இருக்கும் பரிவு புரியும்.

1976-இல் பாடகர் வோல்ஃப் பியர்மனின் குடியுரிமையைக் கிழக்கு ஜெர்மனி பறித்தபோது எதிர்த்துக் கையெழுத்திட்டவர்களில் பெக்கரும் ஒருவர். ஆளும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், 1977-இல் மேற்கே சென்றார். 1997-இல் இறந்தார்.

நாவலைப் படித்து அவருடைய தந்தை கோபித்துக்கொண்டாராமே?

ஆம். கதையின் விதை தந்தையிடமிருந்து வந்தது. கெட்டோவில் உண்மையாகவே வானொலி வைத்திருந்து, செய்தி பரப்பி, கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றி அவர் மகனிடம் சொல்லி, அந்த வீரனைப் பற்றி எழுது என்றார். அப்படிப்பட்ட வீரக் கதைகள் ஏற்கெனவே நிறைய இருப்பதாக மகனுக்குத் தோன்றியது. சில காலம் கழித்து, அந்த ஆளிடம் வானொலியே இல்லாமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் வந்தது. அங்கேதான் நாவல் பிறந்தது.

தந்தைக்கு அது பிடிக்கவில்லை. கெட்டோ எப்படி இருந்தது என்று ஜெர்மானியர்களிடம் வேண்டுமானால் கதை சொல், என்னிடம் சொல்லாதே, நான் அங்கே இருந்தேன் என்ற பொருளில் கடிந்துகொண்டு, மகனோடு நீண்ட காலம் பேசாமல் இருந்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உயிரைக் கொடுத்து உண்மைச் செய்தி கொண்டுவந்தவனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கழிப்பறைக் காகிதம் திருடும் ஐஸ்கிரீம் வியாபாரியை வைத்தால் யாருக்குத்தான் வலிக்காது? இருந்தும் பெக்கரின் பக்கம்தான் நான் நிற்கிறேன். வீரனைப் படிக்கும்போது நாம் தள்ளி நின்று வணங்குகிறோம். யாக்கோப்பைப் படிக்கும்போது, நான் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடிவதில்லை.

கதையைச் சொல்லும் 'நான்' யார்? ஏன் மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார்?

கெட்டோவிலிருந்து பிழைத்த ஒருவர், பெயர் சொல்லப்படுவதில்லை. மரங்கள் அவருக்கு வாழ்க்கைக் கணக்கு. சிறுவயதில் மரத்திலிருந்து விழுந்து விரல்கள் சரியாக இயங்காமல் போனதால் வயலின் கலைஞராகும் வாய்ப்பை இழந்தார். முதல் காதல் ஒரு மரத்தடியில். மனைவி ஹன்னாவை ஒரு மரத்தடியில் சுட்டுக் கொன்றார்கள். கெட்டோவில் செடியோ மரமோ வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருந்தது.

கதைசொல்லிக்கு எல்லாமும் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். இதை யாக்கோப் என்னிடம் சொன்னார், இதை மிஷாவிடம் கேட்டேன், இதற்குச் சாட்சி இல்லை, ஆனால் இப்படித்தான் நடந்திருக்கும் என்று பிரித்துச் சொல்வார். போருக்குப் பிறகு அந்தக் காவல் நிலையத்தில் பணியிலிருந்த ஜெர்மானியரைத் தேடிப் போய்ச் சந்திக்கவும் செய்கிறார். இவ்வளவு கவனத்தோடு உண்மையைத் தேடும் ஒருவர் ஒரு பொய்யரின் கதையைச் சொல்வதுதான் நாவலுக்கு நம்பகத்தன்மையைக் கொடுக்கிறது.

இப்படிப்பட்ட விஷயத்தில் சிரிப்பு வரலாமா?

வரும், வெட்கப்பட வேண்டாம். மிஷாவும் ரோசாவும் தனியாக இருக்க வேறு இடமில்லை. மிஷாவின் அறையில் ஃபைன்கோல்டு என்ற இன்னொருவரும் குடியிருக்கிறார். அவர் காது கேளாதவர், வாய் பேசாதவர் என்று மிஷா காதலியிடம் சொல்லிவைத்திருக்கிறான்; அந்த மனிதரும் இளையவர்களுக்காக இரவுதோறும் பேசாமல் கிடக்கிறார். படிக்கும்போது புன்னகை வரும். நடிப்புக் கலைந்த பின்னும் அந்தக் காட்சி மனத்தை விட்டுப் போகாது.

இந்தச் சிரிப்பு கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கதைமரபிலிருந்து வருவது. துயரத்தைச் சுற்றிவளைத்துப் பேசி, கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லி, கடவுளோடு வழக்காடும் குரல் அது. நாஜிகள் அந்த மக்களை மட்டும் கொல்லவில்லை. அந்தப் பேச்சையும் சேர்த்துக் கொன்றார்கள். பெக்கர் அதை ஜெர்மன் மொழிக்குள் கொண்டுவந்து உயிர்ப்பித்தது எனக்குப் பெரிய செயலாகத் தெரிகிறது.

இவர்கள் ஏன் எதிர்த்துப் போராடவில்லை?

அடிக்கடி வரும் கேள்வி. வருத்தமாக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19 அன்று ஆயுதப் போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு பியாவிஸ்டோக் கெட்டோவிலும், ட்ரெப்ளிங்கா, சோபிபோர் கொலை முகாம்களிலும் கிளர்ச்சிகள் நடந்தன. லோட்ஸில் அப்படி நடக்கவில்லை. காரணங்களும் தெளிவானவை. அங்கே நிலத்தடிச் சாக்கடைக் குழாய் வலை இல்லை; வார்சாவில் ஆயுதமும் ஆட்களும் வந்துபோன வழி அதுதான். சுற்றியிருந்த நகரத்தை ஜெர்மனி தன்னோடு சேர்த்துக்கொண்டு ஜெர்மானியர்களைக் குடியேற்றியிருந்தது. வெளியுலகத் தொடர்பு முழுவதுமாக அறுந்திருந்தது. பசியோ வருடக்கணக்கில்.

நாவலின் கதைசொல்லி இதை நேரடியாகவே எதிர்கொள்கிறார். மற்ற இடங்களில் எதிர்த்து நின்றவர்களைப் பற்றிப் பிற்பாடு படித்ததாகவும், அவர்கள்மேல் பெரும் மதிப்பு இருப்பதாகவும், தான் இருந்த இடத்தில் எதிர்ப்பு எதுவும் இருக்கவில்லை என்றும் சொல்கிறார். கிழக்கு ஜெர்மனியில் யூதப் படுகொலையைவிடக் கம்யூனிஸ்டுகளின் எதிர்ப்புப் போராட்டமே அதிகம் கொண்டாடப்பட்டது. அப்படிப்பட்ட நாட்டில் இந்த வரிகளை எழுதத் துணிச்சல் வேண்டும்.

எதிர்ப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஹெர்ஷெல் ஷ்டாம் என்ற பக்திமான், தன் காதோரக் குடுமிகளைத் தொப்பிக்குள் மறைத்துவைத்திருப்பவர், வானொலி வந்தால் ஆபத்து என்று நடுங்குபவர். மின்சாரம் போனபோது தன் பிரார்த்தனை பலித்தது என்று நம்பியவர். ஒருநாள் சரக்குப் பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து மனிதக் குரல்கள் கேட்கின்றன. அனைவரிலும் பயந்த அவர்தான் பெட்டியை நோக்கி நடந்துபோய், விடுதலை நெருங்கிவிட்டது, தாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்கிறார். சுட்டுக் கொல்லப்படுகிறார். இதய மருத்துவர் கிர்ஷ்பௌமும், நோயுற்ற நாஜித் தலைவனுக்குச் சிகிச்சை அளிக்கக் காரில் அழைத்துப் போகப்படும்போது, வழியிலேயே நஞ்சை விழுங்கிவிடுகிறார்.

அப்படியானால் யாக்கோப் செய்தது சரியா, தவறா?

நாவல் இரண்டு பக்கச் சான்றுகளையும் நம் முன் வைக்கிறது. மிஷா பிழைத்தான், தற்கொலைகள் நின்றன, காதலர்கள் போருக்குப் பிந்திய வீட்டின் அறைகளைப் பற்றி வாதாடத் தொடங்கினார்கள். மறுபக்கம், ஹெர்ஷெல் அந்தப் பெட்டியருகே போனது யாக்கோப்பின் செய்தியை நம்பித்தான். ரோசாவின் பெற்றோர் வசித்த தெருவே ஒருநாள் காலியாகிறது. நல்ல செய்திகளையே சொல்லிக்கொண்டிருக்கும் வானொலி இதைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு யாக்கோப்பிடம் பதில் இல்லை.

கிர்ஷ்பௌம் ஒருமுறை நேரில் வந்து யாக்கோப்பைக் கண்டிக்கிறார்: ஜெர்மானியர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? மக்கள் இப்போதே படுத்து இறந்துவிடாமல் இருக்க என்னால் முடிந்ததைச் செய்கிறேன், வார்த்தைகளைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை என்ற பொருளில் யாக்கோப் பதில் சொல்கிறார். டாக்டர் அதன்பின் வாதிடவில்லை.

எனக்குத் தீர்ப்பாகத் தோன்றுவது கோவால்ஸ்கியின் முடிவு. சுமை தாங்க முடியாமல் யாக்கோப் தன் பழைய நண்பரிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறார். கோவால்ஸ்கி கோபப்படவில்லை, இனி தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறார். அன்றிரவே தூக்கிட்டுக்கொள்கிறார். கெட்டோவில் உண்மை அதைத்தான் செய்தது. யாக்கோப் மறுநாள் மீண்டும் வானொலிக்காரராகிறார். பொய் எல்லா இடத்திலும் நல்லது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உண்மையைச் சொல்லி வாழும் உரிமையே பறிக்கப்பட்ட ஓர் இடத்தைப் பற்றிய கதை இது. பழி அந்த இடத்தைக் கட்டியவர்களுடையது. அங்கே நின்றுகொண்டிருந்த யாக்கோப்பைத் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏன் இரண்டு முடிவுகள்?

முதல் முடிவு கதைசொல்லி கற்பனை செய்தது. யாக்கோப் வேலியைத் தாண்டித் தப்ப முயலும்போது சுடப்படுகிறார்; அதே இரவில் பீரங்கி முழக்கம் கேட்கிறது, ரஷ்யர்கள் வந்து கெட்டோவை விடுவிக்கிறார்கள். இரண்டாவது முடிவு நடந்தது. எல்லோரையும் சரக்கு ரயிலில் ஏற்றுகிறார்கள். யாக்கோப், லீனா, கதைசொல்லி ஒரே பெட்டியில். மேகம் உண்மையில் எதனால் ஆனது என்று லீனாவுக்குத் தெரிய வேண்டும். கதைசொல்லி அவளுக்கு நீராவியைப் பற்றி விளக்குகிறார்.

முதல் முடிவு வெறும் ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. 1944 ஜூலை இறுதியில் சோவியத் படை விஸ்துலா ஆற்றை எட்டிவிட்டது. அங்கிருந்து லோட்ஸ் சுமார் 120 கிலோமீட்டர். போர்முனை அங்கேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டது. அந்த ஆகஸ்டில்தான் கெட்டோவில் மிஞ்சியிருந்தவர்களில் 65,000-க்கும் மேற்பட்டவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். ரும்கோவ்ஸ்கியும் அங்கேதான் போனார். சோவியத் படை லோட்ஸுக்குள் நுழைந்தது 1945 ஜனவரி 19 அன்று. கெட்டோவில் அவர்கள் உயிரோடு கண்டது 900-க்கும் குறைவானவர்களை. ஐந்து மாதங்கள். யாக்கோப் தன் கற்பனை ரஷ்யர்களை நகர்த்திய வேகத்தில் உண்மையான ரஷ்யர்கள் வந்திருந்தால் ஓர் ஊரே பிழைத்திருக்கும்.

படமாக வந்திருக்கிறதா?

இரண்டு முறை. உண்மையில் முதலில் நினைத்தது படமாகத்தான். பெக்கர் 1960-களில் திரைக்கதையாக எழுதினார். படப்பிடிப்பு நடக்காமல் போனதால் நாவலாக மாற்றினார். நாவல் பெயர் பெற்ற பிறகு, ஃபிராங்க் பையர் இயக்கத்தில் 1974-இல் கிழக்கு ஜெர்மனியில் படம் வந்தது. யாக்கோப்பாகச் செக் நடிகர் விளாஸ்டிமில் பிரோட்ஸ்கி நடித்தார். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற ஒரே கிழக்கு ஜெர்மன் படம் அதுதான். 1999-இல் ராபின் வில்லியம்ஸ் நடித்த அமெரிக்கப் படம் வந்தது. அர்மின் முல்லர்-ஸ்டால் இரண்டிலும் வெவ்வேறு வேடங்களில் நடித்திருக்கிறார். முதல் படத்தைப் பாருங்கள். இரண்டாவது படம் யாக்கோப்பை எதிர்ப்பு இயக்கத்தின் தலைவராக்கப் பார்க்கிறது. பெக்கர் எதைத் தவிர்க்க இந்த நாவலை எழுதினாரோ அதையே அது திரும்பக் கொண்டுவருகிறது.

பள்ளி மாணவர்கள் படிக்கலாமா?

பதினான்கு, பதினைந்து வயதிலிருந்து படிக்கலாம். கொடுமைகளின் விவரிப்பு குறைவு. ஹிட்லரின் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்ற அடிப்படை வரலாற்றை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் படித்தால் ரயில் பெட்டிகள் எங்கே போகின்றன என்பது புரியாது, நாவல் அதைச் சொல்லவும் செய்யாது.

கெட்டோ இருந்த இடத்தை இன்று பார்க்க முடியுமா?

முடியும். லோட்ஸ் நகரின் பாவூட்டிப் பகுதியில் அன்றைய கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன; மக்கள் குடியிருக்கிறார்கள். ரயில்கள் புறப்பட்ட ராடெகாஸ்ட் நிலையம் 2005-இல் நினைவிடமாகத் திறக்கப்பட்டது. அங்கு போக முடியாதவர்கள் ஹென்ரிக் ராஸ், மெண்டல் கிராஸ்மன் ஆகியோரின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். இருவரும் கெட்டோ நிர்வாகத்தில் புகைப்படக்காரர்களாக வேலை செய்துகொண்டே ரகசியமாகவும் படம் எடுத்தார்கள். ராஸ் தன் நெகடிவ்களை மண்ணில் புதைத்துவைத்து, விடுதலைக்குப் பின் தோண்டி எடுத்தார். கெட்டோ நிர்வாகத்தின் ஆவணப் பிரிவில் இருந்தவர்கள் 1941 ஜனவரி முதல் 1944 ஜூலை வரை நாள்தோறும் எழுதிய குறிப்பேடும் தப்பிப் பிழைத்திருக்கிறது. தட்பவெப்பம், பிறப்பு, இறப்பு, ரொட்டியின் அளவு, அன்று பரவிய வதந்தி என்று ஒவ்வொரு நாளுக்கும் பதிவு உண்டு. யாக்கோப்பின் அண்டைவீட்டார் எதைப் பேசியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த வதந்திக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்.